ஸ்டாண்டின் இடது பின் கால்

பிப்ரவரி 3

அண்ணா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நான்கு மாதமாக நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போதும் சமாதானத்துக்காக எழுதவில்லை. ஒரு சந்தேகம், அதைக் கேட்கத்தான். போனில் கேட்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் கத்தலில் போய் முடியும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ செய்து கொடுத்த இரும்பு ஸ்டாண்டில் போன வாரம்தான் இரும்பைச் சீவுகிற என் மில்லிங் மெஷினை ஏற்றினேன். அதுவரை தரையில் இரண்டு மரக்கட்டை போட்டு அதன்மேல் வைத்து, குத்தவைத்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். முதுகு போனது, ஆனால் வெட்டு கண்ணாடி மாதிரி வந்தது. ஸ்டாண்டில் ஏற்றியதும் அலை அலையாக வெட்டுகிறது. விரலால் தடவினால் சீப்பின் பல்லைத் தடவுவது போலிருக்கிறது.

விசித்திரம் என்னவென்றால், மெஷினின் மேஜை முன்னும் பின்னும் நகரும்போது ஒன்றுமில்லை. இடமும் வலமும் நகரும்போதுதான் இந்தக் கூத்து. மெஷின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். இட வலமாக வெட்டும்போது தண்ணீர் நடுங்குகிறது, முன் பின்னாக வெட்டும்போது அசையாமல் நிற்கிறது. ஏன்?

மார்ச் 31க்குள் லிஃப்ட் கம்பெனிக்குப் பன்னிரண்டு கைடு கட்டை மாதிரிக்குக் கொடுக்க வேண்டும். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வழுக்கிப் போகிறதே, அதற்கான இரும்புக் கட்டை. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வருடம் முழுக்க வேலை. இல்லையென்றால் பழைய கியர் கம்பெனிக்கே திரும்பிப் போய், மற்றவர்கள் செய்ததை அளந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். பதினோரு வருடம் அளந்தது போதும் அண்ணா. எனக்கு நானே ஏதாவது செய்ய வேண்டும்.

தங்கை

பிப்ரவரி 9

ஸ்கேலு,

கடிதம் கிடைத்தது. உன் எறும்பு எழுத்தைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கொஞ்சம் பெரிதாக எழுதினால் குறைந்தா போவாய்?

மாப்பிள்ளை முன்னால் என் ஸ்டாண்டில் மூலைமட்டத்தை வைத்து, "ரெண்டு மில்லி சாயுதே" என்று சொன்னவள்தானே நீ? உனக்கு ஸ்கேலு என்று பெயர் வைத்தது சரிதான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நான் கிளம்பி வந்தது மறந்துவிட்டதா? எனக்கு மறக்கவில்லை. இப்போது மெஷின் நடுங்குகிறது என்றதும் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

உன் மெஷின் முந்நூறு கிலோ. நான் ஆயிரம் கிலோவுக்குச் செய்திருக்கிறேன். மூன்றங்குலச் சதுரக் குழாயில் நான்கு கால், மேலே பத்து மில்லி தகடு, கீழே நான்கு பக்கமும் குறுக்குச் சட்டம். யானையை ஏற்றினாலும் நிற்கும். குறை உன் தரையில் இருக்கும். அது கார் நிறுத்துகிற ஷெட். கழுவின தண்ணீர் ஓடட்டும் என்று வாசல் பக்கம் சரித்துத்தான் தளம் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கால் அடியிலும் ஒரு தாளைச் செருகிப் பார். எந்தக் காலின் அடியில் தாள் நுழைகிறதோ அந்தக் கால் தரையைத் தொடவில்லை என்று அர்த்தம்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நீ எழுதின ஒன்று நேற்று முழுவதும் மண்டையைக் குடைந்தது. இங்கே கப்பல் கட்டும் தளத்தில், கப்பலின் அடிவயிற்றில் இறங்குகிற ஏணிக்கு வெல்டிங்கில் படி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வேலையிலும் இதே யோசனைதான். தரை கோணல் என்றால் எல்லாப் பக்கமும் அல்லவா ஆட வேண்டும்? ஒரு பக்கம் மட்டும் ஏன்? தாளைச் செருகிப் பார்த்து எழுது.

அண்ணன்

பிப்ரவரி 16

அண்ணா,

முதலில் உன் வெற்றியைச் சொல்லிவிடுகிறேன். வலது முன் காலின் அடியில் தாள் நுழைந்தது. கால் அடியில் இருக்கிற போல்ட்டைத் திருகி ரசமட்டம் வைத்துச் சரி செய்துவிட்டேன். இப்போது நான்கு காலும் தரையில்.

அலை அப்படியே இருக்கிறது!

சரி, குறை தரையிலா, ஸ்டாண்டிலா, மெஷினிலா என்று பிரித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பக்கத்து மெக்கானிக்கிடம் கனம் தூக்குகிற செயின் பிளாக் வாங்கி வந்து, மெஷினோடு சேர்த்து ஸ்டாண்டைக் கால்வாசி வட்டம் திருப்பி வைத்தேன். தரை காரணம் என்றால் ஆட்டம் பழைய திசையிலேயே இருக்க வேண்டும். இல்லை, ஆட்டமும் ஸ்டாண்டோடு சேர்ந்து திரும்பிவிட்டது. ஆக, தரை தப்பித்தது.

அடுத்து ஸ்டாண்டை அப்படியே விட்டுவிட்டு மெஷினை மட்டும் கால்வாசி வட்டம் திருப்பினேன். போல்ட் ஓட்டை பொருந்தாததால் கவ்வி போட்டு இறுக்கினேன். இப்போது பார்த்தால், இட வலமாக வெட்டினால் வழவழப்பு, முன் பின்னாக வெட்டினால் அலை! நேர் தலைகீழ். ஆக, மெஷினும் தப்பித்தது.

மிச்சம் யார் என்று நான் சொல்லவில்லை. நீயே எண்ணிக்கொள்.

இவர்தான் சங்கிலி இழுத்தார். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "கல்யாணத்துக்கு முன்னாடி இதெல்லாம் யாரும் சொல்லலையே" என்றார். இரண்டு நாளாக முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அதையும் உன் ஸ்டாண்டின் பேரில்தான் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. கவரில் விலாசத்தைத் தபால்தலை மேலேயே எழுதியிருக்கிறாய். தபால்காரர், "உங்க அண்ணனுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். என்ன அவசரம் அண்ணா?

தங்கை

பிப்ரவரி 22

ஸ்கேலு,

இருக்கிற வேலையை விட்டுவிட்டு உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் வரவேண்டும், வரவில்லை. மெஷினைத் தனியாகத் திருப்பிப் பார்க்கும் யோசனை எனக்கே தோன்றியிருக்காது. யாரிடமும் சொல்லிவிடாதே, எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை முதுகில் சூடான தவிட்டு ஒத்தடம் கொடு. அவர் சும்மா நடிக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்.

ஸ்டாண்டுதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு. அப்படியென்றால் எங்கோ ஒரு இணைப்பு பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாது, நான்தான் இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேனே. காதால் பார்க்க வேண்டும். சின்னச் சுத்தியல் எடுத்து, ஒவ்வொரு காலையும் கீழ்ச் சட்டம் வந்து சேருகிற இடத்தில் தட்டு. எல்லாம் ஒரே மாதிரி மணி அடிக்க வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் செத்த குரலில் பேசினால் அதுதான் ஆள். நான் தட்டச் சொன்னது காலை, மாப்பிள்ளையை அல்ல.

எந்தக் கால் என்று உடனே எழுது. இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தபால்தலை விஷயம் ஒன்றுமில்லை. இந்த அறையில் விளக்கு மங்கல்.

அண்ணன்

மார்ச் 1

அண்ணா,

இடது பின் கால்.

மற்ற மூன்றும் "டங்" என்றன. அது மட்டும் "டக்" என்றது. இவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி மாற்றி மாற்றித் தட்டினேன். ஒவ்வொரு தடவையும் சரியாகக் கண்டுபிடித்தார்.

பிறகு அந்த இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டினேன். எதிர்பார்த்தது ஒன்று, பார்த்தது வேறு. விரிசல் இல்லை, ஓட்டை இல்லை. உன் வெல்டிங் கோடு, நாணயத்தைச் சரித்து அடுக்கியது போல, அந்த ஸ்டாண்டிலேயே அதுதான் அழகான கோடு. ஆனால் அது இணைப்பின் மேல் ஓடவில்லை. இணைப்புக்குப் பக்கத்தில், ஒரு தீக்குச்சி அகலம் தள்ளி, வெறும் இரும்பின் மேல் ஓடுகிறது. ஒரு சாண் நீளத்துக்கு. இட வலமாகப் போகிற சட்டமும் காலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் அந்தத் திசையில் மட்டும் ஆட்டம். முதலில் வைத்த இரண்டு வெல்டிங் பொட்டு மட்டும் பிடித்திருக்கிறது. நடுவில் இருந்த இடுக்கைப் பெயிண்ட் மூடிவிட்டது.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சோம்பேறி இல்லை. அவசரக்காரனும் இல்லை. கோபத்தில்கூட உன் கை நேராகத்தான் போகும். அப்படியென்றால் இது எப்படி?

எழுந்து போய் உன் இரண்டு கடிதத்தையும் கவரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிகள் கோட்டை விட்டு இறங்கியிருக்கின்றன, சில இடத்தில் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரி.

அண்ணா, உன் கண் எப்படி இருக்கிறது?

தங்கை

மார்ச் 6

தங்கைக்கு,

உன் வேலை இரும்பை அளப்பது. அண்ணனை அளப்பது அல்ல.

ஒரு கோடு தள்ளிப் போய்விட்டது. யானைக்கும் அடி சறுக்கும். உங்கள் தெருவில் கேட் செய்கிறவன் எவனாவது இருப்பான், கூப்பிட்டு மேலே ஒரு கோடு இழுக்கச் சொல். பத்து நிமிட வேலை. கட்டையை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு. இதற்குப் போய் கவரையெல்லாம் எடுத்து வைத்து ஆராய்ச்சியா?

ஊரில் இருக்கிற அண்ணியிடம் எதையாவது உளறி வைத்தாயோ, பிறகு உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை.

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. இனி இதைப் பற்றி எழுதாதே.

மார்ச் 11

அண்ணா,

அண்ணியிடம் சொல்லவில்லை. ஆனால் உனக்கு எழுதாமல் இருக்க முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய்.

கேட் செய்கிறவர் வந்து மேலே ஒரு கோடு இழுத்துவிட்டால் இந்த இடம் மறைந்துவிடும். பிறகு நான் என்ன சொன்னாலும் நீ நம்பமாட்டாய். அதனால் நேற்று கட்டிங் வீல் எடுத்து, அந்த இணைப்பை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து எடுத்துவிட்டேன். இதோடு பார்சலில் வருகிறது. ஓரமெல்லாம் தேய்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன், கையைக் கிழிக்காது.

அதைக் கண்ணால் பார்க்காதே. கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டின் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்.

இப்போது ஸ்டாண்ட் மூன்று காலில் கட்டை முட்டுக் கொடுத்து நிற்கிறது. மெஷின் சும்மா இருக்கிறது. 31ஆம் தேதி நெருங்கி வருகிறது. எல்லாம் தெரிந்துதான் அறுத்தேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இங்கே என் ஸ்டாண்ட் ஆடினால் ஒரு கட்டை வீணாகும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பேன். அங்கே நீ ஒட்டுவது ஏணிப் படி. எத்தனை ஒட்டினாய்? அதில் யார் யார் கால் வைக்கிறார்கள்?

கோபித்துக்கொள். திட்டி எழுது. ஆனால் எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கை

மார்ச் 20

ஸ்கேலு,

பார்சலைப் பிரித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கடலில் வீசப் போனேன். மேல்தளம் வரைக்கும் போய்விட்டேன். சரி, கடைசியாக ஒரு தடவை என்று நகத்தை வைத்து இழுத்தேன். நகம் சந்துக்குள் இறங்கியது.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மேலே போனபின், கையுறை இல்லாமல் அந்த ஏணியில் இறங்கினேன். இந்த இரண்டு மாதத்தில் நான் ஒட்டியது அறுபத்து நான்கு படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கமும் நகம் வைத்தேன். முதல் இருபதில் ஒன்றுமில்லை. அடடா, தப்பித்தேன் என்று நினைத்தேன். இருபத்தேழாவதில் இறங்கியது. பிறகு நாற்பத்தொன்றில். பிறகு ஐம்பத்தெட்டில். அந்த ஐம்பத்தெட்டில் நின்றுகொண்டுதான் தினமும் வேலை செய்கிறேன். எனக்குப் பின்னால் பெயிண்டர் ஒருவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்குவார், என்னைவிட இரண்டு மடங்கு கனம். "அண்ணே, நீங்க ஒட்டினதுன்னா கண்ணை மூடிட்டு இறங்கலாம்" என்று சொல்கிற ஆள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

போர்மேனிடம் போனேன். "மூணு படி பிடிக்கல, நான்தான் ஒட்டினேன், எனக்குக் கண்ணு தெரியல" என்று சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய், ஏணியின் வாயில் சிவப்புக் கயிறு கட்டினார். திரும்பி வந்து என் கையிலிருந்த வெல்டிங் முகக்கவசத்தை வாங்கித் தன் மேஜைக்கு அடியில் வைத்தார். அது எனக்கு அறை வாங்கினதைவிட வலித்தது. மூன்று படியையும் பிரித்து வேறு ஆளை வைத்து ஒட்டிவிட்டார்கள். மீதி அறுபத்தொன்றையும் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள்.

கண்ணில் புரை என்கிறார் டாக்டர். இரண்டு கண்ணிலும், வலது ரொம்ப மோசம். ஏப்ரல் 9ஆம் தேதி வலது கண்ணுக்கு ஆபரேஷன். பிறகு இடது. எல்லாம் சரியானால் வேலைக்கு வரலாம் என்று போர்மேன் சொல்லியிருக்கிறார்.

ஒரு வருடமாகவே விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. வெல்டிங் வெளிச்சம் பார்த்துப் பார்த்து வந்ததாக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நெருப்பு தெரியும் ஸ்கேலு, அது எந்த ஓரத்தில் விழுகிறது என்பதுதான் தெரியாது. கை பழகின பழக்கத்தில் போய்விடும். கண் போய்விட்டது என்று தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? பயந்துவிட்டேன்.

அன்றைக்கு நீ மூலைமட்டம் வைத்தபோது நான் குனிந்து பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ சொன்ன இரண்டு மில்லி எனக்குத் தெரியவே இல்லை. உன் மேல் கோபம் வந்து கிளம்பவில்லை நான்.

அண்ணிக்கு நீதான் சொல்ல வேண்டும். எனக்கு அந்த அளவுக்குத் தைரியம் கிடையாது.

உன் பன்னிரண்டு கட்டை என்ன ஆயிற்று?

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் திட்டினார்கள், கால் மணி நேரம் அழுதார்கள், பிறகு உனக்கு எத்தனை சட்டை எடுத்து வைப்பது என்று கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஏழாம் தேதி காலை பஸ்ஸில் கிளம்புகிறோம். வேண்டாம் என்று எழுதாதே, கடிதம் வந்து சேர்வதற்குள் நாங்கள் வந்துவிடுவோம்.

கட்டை விஷயம். 31ஆம் தேதி என் கையில் ஏழுதான் இருந்தது. ஏழையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் அளந்து பார்த்துவிட்டு, "வேலை சுத்தமா இருக்கு. ஆனா பன்னிரண்டுன்னா பன்னிரண்டும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி மாதிரி கேட்பது அடுத்த வருடம்தானாம். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே அழுதேன்.

இந்த மாதம் 13ஆம் தேதியிலிருந்து கியர் கம்பெனிக்குப் போகிறேன். அதே மேஜை. மெஷினை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவேன்.

இதற்கு நீ காரணம் என்று நினைத்துக்கொள்ளாதே. நடந்ததைக் கேள். அறுத்த மூன்றாம் நாளே கேட் செய்கிறவரைக் கூப்பிட்டேன். வந்தார், நான் அறுத்திருந்த இடத்தைப் பார்த்தார். "யாரும்மா இதைப் பண்ணது?" என்று கேட்டார். உன் பெயரை அந்த இடத்தில் சொல்ல மனசு ஒப்பவில்லை. "அப்புறம் சொல்லி அனுப்புறேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பத்து நாள் போனது. எனக்கும் உன் ரத்தம்தானே.

உன் கடிதம் 24ஆம் தேதி வந்தது. நீ போர்மேன் முன்னால் நின்று சொன்னதைப் படித்துவிட்டு, அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் பட்டறைக்கு நடந்து போனேன். "எங்க அண்ணன் பண்ணது. அவருக்குக் கண்ணுல புரை" என்றேன். "எங்கப்பாவுக்கும் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளே வந்து புதுத் துண்டு வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டார். நகம் வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. இப்போது நான்கு காலும் ஒரே குரலில் பேசுகின்றன, தண்ணீர் அசையவில்லை.

இவர் நேற்று, "அந்தத் துண்டை அறுக்காம விட்டிருந்தா வேலை கெடைச்சிருக்குமே, வருத்தமா இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது. நிறையவே இருக்கிறது. மறுபடி அதே நாள் வந்தால் என்ன செய்வாய் என்றார். மறுபடியும் அறுப்பேன் என்றேன்.

நாளைக் காலையில் உன் பெயிண்டர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த ஐம்பத்தெட்டாவது படியில் கால் வைப்பார். ஒன்றும் ஆகாது. அடுத்த படிக்கு இறங்கிப் போய்க்கொண்டே இருப்பார்.

தங்கை